ஆக்டேவ் ஃபில்டர்: பேண்டைக் குறுக்கினால் துல்லியம் கூடுமா?

ஒலி அளவீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவரின் கேள்வி இது. சவுண்ட் லெவல் மீட்டரில் 1/1, 1/3, 1/12, 1/24 ஆக்டேவ் என்று தெரிவுகள் இருக்கின்றன. பேண்ட் (ஒரே எண்ணாக அளக்கும் அதிர்வெண் துண்டு) குறுகக் குறுக விவரம் கூடுமென்றால், எல்லாவற்றையும் 1/24-லேயே அளந்துவிடலாமே? இன்னொன்று: ஒரே பதிவை மீட்டரும், கணினியில் எழுதிய எஃப்எஃப்டி (ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) நிரலும் தாழ்ந்த அதிர்வெண்களில் ஏன் வேறு வேறு எண்களாகக் காட்டுகின்றன?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திரையில் தெரியும் ஒவ்வொரு கம்பமும் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டரின், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண் வீச்சை மட்டும் விடும் வடிகட்டியின், வெளியீடு. ஃபில்டர் குறுகினால் அது மெதுவாகும். இதில் விலக்கு கிடையாது. எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் கிடையாது. ஆகவே 1/24 என்பது 1/3-ஐ விடத் துல்லியமான அளவீடு அல்ல, வேறொரு அளவீடு. எங்கே எது பொருந்தும் என்று பார்க்க, ஃபில்டரின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

முதலில் அகலம். ஆக்டேவ் என்பது அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி. அதை மூன்றாகப் பிரித்தால் 1/3 ஆக்டேவ், பன்னிரண்டாகப் பிரித்தால் 1/12. பிரிப்பது கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். அதனால் ஒவ்வொரு பேண்டின் அகலமும் அதன் மைய அதிர்வெண்ணில் ஒரே சதவீதமாக இருக்கும்: முழு ஆக்டேவுக்கு 70.5 சதவீதம், 1/3-க்கு 23.1, 1/12-க்கு சுமார் 5.8, 1/24-க்கு சுமார் 2.9. ஆக, 1000 ஹெர்ட்ஸில் 1/3 ஆக்டேவ் ஃபில்டர் 231 ஹெர்ட்ஸ் அகலம். 20 ஹெர்ட்ஸில் அதே 1/3 ஆக்டேவ் வெறும் 4.6 ஹெர்ட்ஸ். இந்த 4.6-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சதவீத அகலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் காது. ஒலியியலாளர் சுவிக்கர் வகுத்த கிரிட்டிகல் பேண்டுகளை (காது ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும் அதிர்வெண் வீச்சுகளை) பார்த்தால், 500 ஹெர்ட்ஸுக்கு மேலே காதின் பேண்ட் அகலம் மைய அதிர்வெண்ணில் ஏறத்தாழ 20 சதவீதம். 1/3 ஆக்டேவின் 23 சதவீதம் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 500-க்குக் கீழே இந்த ஒற்றுமை உடைந்துவிடும். அங்கே காதின் அகலம் சுமார் 100 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகிறது, 1/3 ஆக்டேவோ குறுகிக்கொண்டே போகிறது. ஐஎஸ்ஓ 532-1 தரத்தில் உள்ள சுவிக்கர் உரப்புக் (காதுக்குத் தோன்றும் சத்த அளவு) கணக்கு 25 ஹெர்ட்ஸிலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் வரை 28 பேண்டுகளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த பேண்டுகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது இதனால்தான். தாழ்ந்த அதிர்வெண்ணில் காதுக்கே இல்லாத நுணுக்கத்தை 1/24 போட்டுத் தேடுவதில் என்ன பயன் என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிடுகிறது.

அடுத்து மைய அதிர்வெண்கள். மீட்டரில் 31.5, 63, 125, 250, 500 என்று எழுதியிருக்கும். இவை பெயர்கள் மட்டுமே. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார் பெயரால் வழங்கும் எண் வரிசையிலிருந்து, நினைவில் நிற்பதற்காக உருண்டையாக்கி எடுத்தவை. உண்மையான மையங்களை, இந்த ஃபில்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61260 சூத்திரத்தால் வரையறுக்கிறது: 1000 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 10-இன் 0.3 அடுக்கால், அதாவது 1.99526-ஆல், பெருக்கிக்கொண்டோ வகுத்துக்கொண்டோ போக வேண்டும். 1995 பதிப்பு 2-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கையும் அனுமதித்தது. 2014-இல் வந்த 61260-1 பத்தின் அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆக்டேவ் சரியாக இரண்டு மடங்காக இல்லாமல் போனதே என்று சிலருக்கு உறுத்தும். எனக்கு இது அழகான முடிவாகவே படுகிறது. பத்து 1/3 ஆக்டேவ் படிகள் சேர்ந்தால் சரியாகப் பத்து மடங்கு. 100 ஹெர்ட்ஸ் பேண்ட் 100-லேயே இருக்கும், 10000 பேண்ட் 10000-லேயே இருக்கும். அடுத்தடுத்த 1/3 ஆக்டேவ் பேண்டுகளின் அகல விகிதம் 10-இன் 0.1 அடுக்கு, டெசிபெலில் சொன்னால் சரியாக 1. ஆகவே வெள்ளை இரைச்சலை (ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் சம ஆற்றல் உள்ளது) 1/3 ஆக்டேவ் அனலைசரில் விட்டால், ஒவ்வொரு கம்பமும் முந்தையதைவிடச் சரியாக 1 டெசிபெல் உயர்ந்த படிக்கட்டு கிடைக்கும். ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல் உள்ள பிங்க் நாய்ஸ் விட்டால் மட்டமாக இருக்கும். புதிதாக எழுதிய ஃபில்டர் தொகுப்பைச் சரிபார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

பெயரையும் மதிப்பையும் குழப்பிக்கொள்வது நிரல் எழுதுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. பட்டியலில் உள்ள 125, 160, 200 என்ற எண்களையே எடுத்து ஓரங்களைக் கணக்கிடுகிறார்கள். 1/3 ஆக்டேவில் மேல் ஓரம் மையத்தின் 1.122 மடங்கு, கீழ் ஓரம் 0.891 மடங்கு. 125-இன் மேல் ஓரம் 140.3 என்று வரும், 160-இன் கீழ் ஓரம் 142.6 என்று வரும். நடுவில் 2.3 ஹெர்ட்ஸ் எந்தப் பேண்டிலும் சேராமல் தொங்கும். அடுத்த எல்லையில் நேர் எதிர்: 160-இன் மேல் ஓரம் 179.5, 200-இன் கீழ் ஓரம் 178.3. அங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உண்மையான மையங்களான 125.89, 158.49 இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஒன்றின் மேல் ஓரமும் அடுத்ததின் கீழ் ஓரமும் 141.25-இல் பொருந்திக்கொள்ளும்.

இரட்டைப்படைப் பிரிவுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1/1, 1/3 ஆகியவற்றில் 1000 ஹெர்ட்ஸ் ஒரு பேண்டின் மையம். 1/2, 1/12, 1/24 போன்றவற்றில் தரம் வரிசையை அரைப்படி நகர்த்திவிடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் இரண்டு பேண்டுகளுக்கு நடுவிலுள்ள எல்லையாகிவிடும். 1/12-இல் அதன் இருபுறமும் 971.6, 1029.2 ஹெர்ட்ஸ் மையங்கள். மைக்ரோஃபோனில் 1000 ஹெர்ட்ஸ், 94 டெசிபெல் தொனி தரும் கேலிபிரேட்டரை மாட்டி 1/12-இல் பார்த்தால், 94 காட்டும் ஒரு கம்பத்துக்குப் பதில் 91 அருகே இரண்டு கம்பங்கள் நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஒரே தொனியின் ஆற்றலை இரண்டு ஃபில்டர்களும் பாதிப் பாதியாகப் பகிர்ந்திருக்கின்றன. அவ்வளவுதான்.

அதே கேலிபிரேட்டரை மாட்டியபடியே 1/3-க்கு மாற்றுங்கள். ஃபில்டரின் உருவமே திரையில் வரும். 1000-இல் 94. பக்கத்தில் 800-இலும் 1250-இலும் என்ன இருக்கும்? கேலிபிரேட்டர் அந்த அதிர்வெண்களில் எதையும் எழுப்பவில்லை, ஆனாலும் அங்கே 76 அருகே நிற்கும். அதற்கடுத்த 630-இலும் 1600-இலும் 57 அளவில். ஆறாம் வரிசை பட்டர்வொர்த் (பரவலாகப் பயன்படும் ஒரு ஃபில்டர் வடிவம்; வரிசை கூடினால் சரிவு செங்குத்தாகும்) பேண்ட்பாஸ் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு பேண்ட் தள்ளி 18.3 டெசிபெல், இரண்டு தள்ளி 37, மூன்று தள்ளி 48.7 டெசிபெல் குறைப்பு கிடைக்கிறது. பல அனலைசர்களில் இதுவோ இதற்கு நெருங்கியதோதான் இருக்கும். திரையில் 1000-க்கு இருபுறமும் சரியும் அந்தக் கூடார வடிவம் ஒலியுடையது அல்ல, ஃபில்டரின் சரிவு.

நடைமுறையில் இதன் பொருள் பெரியது. 100 ஹெர்ட்ஸில் 85 டெசிபெல் உறுமும் ஒரு மின்மாற்றிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். 125 பேண்டில் 67 வந்தால் அந்த 67 அங்கே உண்மையில் இருக்கும் ஒலியா, 100-இலிருந்து கசிந்ததா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பேண்ட் தன் பக்கத்துப் பேண்டைவிட 15 டெசிபெலுக்கு மேல் தாழ்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சுவர்களின் ஒலித்தடுப்பை அளக்கும்போது இது நிஜமான தொல்லை. சுவர் உயர் அதிர்வெண்களை நன்றாகத் தடுப்பதால், மறுபக்க அறையில் வரும் ஸ்பெக்ட்ரம் செங்குத்தாகக் கீழே இறங்கும். சரிவு போதாத ஃபில்டர் சுவரின் தடுப்பைக் குறைத்துக் காட்டிவிடும்.

இங்கே தரத்தின் வகுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் 0, 1, 2 என மூன்று வகுப்புகள் இருந்தன, 2014-இல் 0 நீக்கப்பட்டது. வகுப்பு 1 என்பது ஃபில்டர் இந்த வடிவில்தான் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று வகுத்து, நடுவில் எங்கே வேண்டுமானாலும் இரு என்கிறது. பேண்டின் நடுவில் அந்த இடைவெளி மிகக் குறுகியது. ஓரத்தில் பல டெசிபெல் அகலமானது. ஆகவே வகுப்பு 1 சான்று பெற்ற இரண்டு மீட்டர்கள் ஒரே தொனியை, அது ஓரத்தில் விழுந்தால், வேறு வேறாகக் காட்டலாம். இரண்டுமே தரத்தை மீறவில்லை. அகன்ற இரைச்சலில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஓரத்தில் நிற்கும் தொனியில் மறையாது.

ஓரத்தில் நிற்கும் தொனி ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கால் காட்டுகிறேன். சுற்றுச்சூழல் இரைச்சலுக்கான ஐஎஸ்ஓ 1996-2-இல், தனித்துக் கேட்கும் தொனி இருக்கிறதா என்று 1/3 ஆக்டேவை வைத்தே பார்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பேண்ட் தன் இருபக்கப் பேண்டுகளையும்விட 25 முதல் 125 ஹெர்ட்ஸ் வரை 15 டெசிபெல், 160 முதல் 400 வரை 8 டெசிபெல், 500 முதல் 10000 வரை 5 டெசிபெல் உயர்ந்திருந்தால் தொனி உண்டு என்று கொள்ளலாம். ஒரு விசிறி 100 ஹெர்ட்ஸில் 66 டெசிபெலில் ஊளையிடுகிறது, சுற்றுப்புறம் ஒவ்வொரு பேண்டிலும் 45 என்று வைப்போம். 100 பேண்டில் 66. அக்கம்பக்கத்தில் கசிவும் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 49.5. வித்தியாசம் பதினாறரை, தொனி பிடிபட்டது. விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், தொனி 112 ஹெர்ட்ஸுக்கு நகரட்டும். அது 100, 125 பேண்டுகளின் சரியான எல்லை. இரண்டிலும் 63, 63. ஒன்றைவிட மற்றொன்று உயரவில்லை என்பதால் சோதனை "தொனி இல்லை" என்று சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போவது என்னவோ முன்புபோலவேதான். அதனால் இரண்டு அடுத்தடுத்த பேண்டுகள் சமமாக எழுந்து நின்றால், அறிக்கை எழுதும் முன் குறுகிய பேண்டிலோ எஃப்எஃப்டியிலோ ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். 1/12-உம் 1/24-உம் உண்மையாகவே கை கொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

இப்போது நேரத்துக்கு வருகிறேன்.

ஃபில்டருக்குள் ஒலி நுழைந்ததும் வெளியீடு உடனே எழாது. ஒலி நின்றதும் உடனே அடங்காது. இரண்டுக்கும் ஆகும் நேரம் பேண்ட் அகலத்துக்குத் தலைகீழ் விகிதம். மேலே சொன்ன ஆறாம் வரிசை பட்டர்வொர்த்தில் மையத்தில் ஏற்படும் தாமதம் சுமார் 0.64-ஐ அகலத்தால் வகுத்த அளவு. 1000 ஹெர்ட்ஸில் 1/3 ஆக்டேவுக்கு 3 மில்லிசெகண்ட் கூட இல்லை. 20 ஹெர்ட்ஸில், அந்த 4.6 ஹெர்ட்ஸ் அகலத்தில், 138 மில்லிசெகண்ட். மீட்டரின் ஃபாஸ்ட் அமைப்பின் நேர மாறிலி 125 மில்லிசெகண்ட். அதாவது 20 ஹெர்ட்ஸ் பேண்டில் ஃபாஸ்ட் என்று வைத்தாலும், வேகத்தைத் தீர்மானிப்பதில் ஃபில்டரின் பங்கு டிடெக்டரின் (ஃபில்டருக்குப் பின் அளவைச் சராசரி எடுக்கும் பகுதியின்) பங்குக்குக் குறைந்ததல்ல. கதவு அறைவது, சுத்தியல் அடி போன்ற திடீர் ஒலிகளின் உச்ச மதிப்பை தாழ்ந்த பேண்டுகளில் படிக்கும்போது, உங்களுக்குக் கிடைப்பது அடியின் உச்சம் அல்ல, ஃபில்டர் எழ முடிந்த உயரம். 1/24-க்குப் போனால் தாமதம் எட்டு மடங்காகும்: 20 ஹெர்ட்ஸ் அருகே ஒரு செகண்டைத் தாண்டிவிடும்.

நிலையான இரைச்சலிலும் நேரம் விடாது. இரைச்சல் இயல்பிலேயே ஏறி இறங்குவது. சராசரி எடுத்தால்தான் எண் நிற்கும். எவ்வளவு நேரம் சராசரி எடுக்க வேண்டும் என்பது அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. திட்ட விலக்கம், டெசிபெலில், ஏறத்தாழ 4.34-ஐ அந்தப் பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுத்தது. அரை டெசிபெல் விலக்கம் போதும் என்றால் பெருக்கல் 75 வர வேண்டும். 1/3 ஆக்டேவில் 1000 ஹெர்ட்ஸ் பேண்டுக்கு அதற்கு மூன்றில் ஒரு செகண்ட் போதும். 31.5 ஹெர்ட்ஸ் பேண்டுக்கு 10 செகண்ட் வேண்டும், 20 ஹெர்ட்ஸுக்கு 16. அதே 31.5 அருகே 1/24 ஆக்டேவ் என்றால் அகலம் 0.9 ஹெர்ட்ஸ்தான், 80 செகண்டுக்கு மேல் தேவை. அதுவும் ஒரு திட்ட விலக்கத்துக்கு மட்டும். பத்து செகண்ட் அளந்துவிட்டு 1/24 ஆக்டேவ் படத்தில் தாழ்ந்த பகுதியில் தெரியும் மேடு பள்ளங்களுக்கு விளக்கம் தேடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த மேடு பள்ளங்களில் பெரும்பகுதி வெறும் தற்செயல். இன்னொரு பத்து செகண்ட் எடுத்தால் வேறு இடத்தில் எழும்.

எதிர்முழக்க நேரம், அதாவது ரிவெர்ப் டைம் அளப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். ஒலி 60 டெசிபெல் அடங்க அறைக்கு ஒரு நேரம் ஆகும். ஃபில்டருக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. பட்டர்வொர்த் உதாரணத்தில் மிக மெதுவாக அடங்கும் போல் (pole, ஃபில்டர் அடங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) ஜோடியை எடுத்துக் கணக்கிட்டால் அது சுமார் 4.4-ஐ அகலத்தால் வகுத்தது. 50 ஹெர்ட்ஸ் 1/3 ஆக்டேவ் பேண்டில் அகலம் 11.6 ஹெர்ட்ஸ், ஃபில்டரின் சொந்த அடங்கல் நேரம் 0.38 செகண்ட். ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்த ஒரு சிறிய ஸ்டூடியோ அறையில் 0.3 செகண்ட் எதிர்பார்த்து அளந்தால், வரும் எண் ஃபில்டருடையது, அறையுடையது அல்ல. மேலும் பலகைகளைச் சேர்த்துவிட்டுத் திரும்ப அளந்தாலும் எண் அசையாது. உடனே பலகைகளைக் குறை சொல்வார்கள்.

டென்மார்க் ஒலியியலாளர் ஃபின் யாகப்சன் 1987-இல் இதற்கு ஒரு வரம்பு கொடுத்தார்: பேண்ட் அகலமும் எதிர்முழக்க நேரமும் பெருக்கினால் 16-க்கு மேல் இருக்க வேண்டும். எதிர்முழக்க நேர அளவீட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3382-இலும் அந்த 16 இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் 1/3 ஆக்டேவுக்கு இது 0.69 செகண்ட், 50 ஹெர்ட்ஸுக்கு 1.38 செகண்ட். வீட்டு அறைகள் பல இந்த வரம்புக்குள் வராது. ஆனால் அதே ஆண்டில் ரிண்டலுடன் சேர்ந்து அவர் காட்டிய வழி ஒன்று இருக்கிறது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனைகளில் ஒன்று: பதிவைத் தலைகீழாகத் திருப்பி ஃபில்டருக்குள் விடுவது. ஃபில்டர் எழும் வேகம் அது அடங்கும் வேகத்தைவிட அதிகம். பதிவு திரும்பி ஓடும்போது அறையின் அடங்கல் எழுச்சியாக நுழைகிறது, ஃபில்டரின் நீண்ட வால் நமக்குத் தேவையில்லாத பக்கத்தில் போய் விழுகிறது. முடிந்ததும் வெளியீட்டை மறுபடி திருப்பிக்கொள்ளலாம். வரம்பு 16-லிருந்து 4-க்கு இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸில் 0.35 செகண்ட் வரை அளக்கலாம். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (கணநேர ஒலிக்கு அறை தரும் பதில்) கணினியில் இருந்தால் இதற்கு இரண்டு வரி நிரல்தான் ஆகும். மென்பொருள் இதைச் செய்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி எஃப்எஃப்டி. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து 4096 புள்ளி எஃப்எஃப்டி போட்டு, ஒவ்வொரு 1/3 ஆக்டேவுக்குள் விழும் கோடுகளைக் கூட்டி பேண்ட் மதிப்பு எடுப்பது பலரும் செய்வது. கோடுகளுக்கு நடுவில் இடைவெளி 11.72 ஹெர்ட்ஸ். கோடுகள் 11.72, 23.44, 35.16, 46.88 என்று நிற்கும். 20 ஹெர்ட்ஸ் பேண்ட் 17.8 முதல் 22.4 வரை: உள்ளே ஒரு கோடும் இல்லை. 25 பேண்டில் ஒன்று. 31.5 பேண்ட் 35.48-இல் முடிகிறது, 35.16 மயிரிழையில் உள்ளே விழுகிறது. 40 பேண்ட் 35.5 முதல் 44.7 வரை: மறுபடியும் காலி. மீட்டர் 40 ஹெர்ட்ஸில் 58 டெசிபெல் காட்ட, நிரல் ஒன்றுமே இல்லை என்று காட்டினால் காரணம் இதுதான். கோட்டை நெருக்க 65536 புள்ளிகளுக்குப் போனால் இடைவெளி 0.73 ஹெர்ட்ஸ் ஆகும், 25 பேண்டுக்குள் ஏழெட்டுக் கோடுகள் கிடைக்கும். ஆனால் ஒரு பிளாக்கின் (ஒரே தடவையில் கணக்கிடும் பதிவுத் துண்டின்) நீளம் 1.37 செகண்டாகிவிடும், அதுவும் எல்லா அதிர்வெண்களுக்கும். ஃபில்டர் தொகுப்பில் உயர் பேண்டுகள் வேகமாகவும் தாழ் பேண்டுகள் மெதுவாகவும் இயங்கும். எஃப்எஃப்டியில் எல்லாம் ஒரே கதியில். நிலையான ஒலிக்கு இது பரவாயில்லை. கடந்து போகும் ரயிலுக்கோ பேச்சுக்கோ உதவாது.

ஹான் விண்டோ (பிளாக்கின் இரு முனைகளையும் மெல்லத் தேய்த்துவிடும் பெருக்கல்) போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒற்றைத் தொனியின் உயரம் சரியாக வரும்படி அளவீட்டை அமைத்துவிட்டு, கோடுகளை அப்படியே கூட்டினால் பேண்ட் மதிப்பு 1.76 டெசிபெல் கூடுதலாக வரும். விண்டோவின் இரைச்சல் அகலம் 1.5 கோடு, கூட்டிய ஆற்றலை 1.5-ஆல் வகுக்க வேண்டும். எல்லா பேண்டிலும் ஒரே சீராக ஒன்றேமுக்கால் டெசிபெல் வித்தியாசம் கண்டால், முதலில் இதைப் பாருங்கள்.

உண்மையான ஃபில்டர்களாகவே எழுத நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறாம் வரிசை ஃபில்டரை ஒரே பெரிய பல்லுறுப்புக் கோவையாக எழுதாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 25 ஹெர்ட்ஸ் பேண்டின் போல்கள் அலகு வட்டத்தை (ஃபில்டர் நிலையாக இருப்பதற்கான எல்லையை) 0.9996 அளவுக்கு ஒட்டி, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். குணகங்களில் ஏற்படும் சிறு உருட்டல் பிழையே ஃபில்டரைச் சிதைத்துவிடும், சில நேரம் வெளியீடு எல்லையில்லாமல் வளர்ந்துவிடும். இரண்டாம் வரிசைத் துண்டுகளாகப் பிரித்துத் தொடராக அடுக்குங்கள். அதைவிட நல்லது பழைய வழி: மேல் ஆக்டேவுக்கு மூன்றே ஃபில்டர்களை வடிவமைத்து, சிக்னலை லோபாஸ் செய்து (உயர் அதிர்வெண்களை வெட்டி) மாதிரி வீதத்தை (செகண்டுக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையை) பாதியாக்கி, அதே மூன்றையும் அடுத்த ஆக்டேவுக்குப் பயன்படுத்திக்கொண்டே இறங்குவது. கணக்கும் குறையும், நிலைப்பும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பாதியாக்குவது சரியாக 2, தரத்தின் ஆக்டேவ் 1.99526. பத்து ஆக்டேவ் இறங்கும்போது விலகல் இரண்டு சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். ஒவ்வொரு ஆக்டேவுக்கும் குணகங்களைத் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

மேல் முனையிலும் ஒரு சுவர் இருக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸ் பேண்டின் மேல் ஓரம் 22387 ஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் நைக்விஸ்ட் எல்லை, அதாவது மாதிரி வீதத்தில் பாதி, 22050. அந்தப் பேண்ட் முழுதாக உள்ளே நுழையவே இடமில்லை. நிரல் எண் ஒன்றைக் கொடுத்தாலும் அதை நம்பாதீர்கள். 48-இல் இடம் இருக்கிறது, ஆனால் அனலாக் ஃபில்டரை டிஜிட்டலாக்கும் பைலினியர் மாற்றத்தில் மேல் சரிவு நசுங்கி, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. 96 போட்டால் நிம்மதி. இன்னொன்று, 3 டெசிபெல் குறையும் புள்ளிகளை ஓரத்திலேயே வைத்த ஆறாம் வரிசை பட்டர்வொர்த்தின் இரைச்சல் அகலம் பெயரளவு அகலத்தைவிட 4.7 சதவீதம் கூடுதல். அதனால் அகன்ற இரைச்சலில் 0.2 டெசிபெல் அதிகம் காட்டும். ஓரங்களைச் சிறிது உள்ளே இழுத்தால் சரியாகிவிடும்.

ஆக, எதை எங்கே எடுப்பது? இயந்திர இரைச்சல், குழாய் வழி இரைச்சல், சைலென்சர் தேர்வு, அறைகளுக்கான என்சி (பின்னணி இரைச்சல் வரம்பு) வளைவுகள், பேச்சுத் தெளிவுக்கான எஸ்டிஐ இவற்றுக்கு முழு ஆக்டேவ் போதும். ஒப்பிட வேண்டிய தரவே அந்த வடிவில்தான் இருக்கும். கட்டட ஒலித்தடுப்புக்கு 1/3: ஐஎஸ்ஓ 717-1 கேட்பது 100 முதல் 3150 ஹெர்ட்ஸ் வரை 16 பேண்டுகள். 1/3-இல் அளந்தால் மூன்று மூன்றாக ஆற்றலைக் கூட்டி ஆக்டேவுக்குப் போகலாம் (மூன்றும் 60 என்றால் ஆக்டேவ் 64.8). ஆக்டேவிலிருந்து 1/3-க்குத் திரும்ப வழியில்லை. ஏ-வெயிட்டிங் (காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய) மதிப்பை பேண்டுகளிலிருந்து கணக்கிடுவதாக இருந்தாலும் 1/3-உடன் நில்லுங்கள். 63 ஹெர்ட்ஸ் ஆக்டேவுக்கு ஒரே திருத்தமாக 26.2 டெசிபெல் கழிப்பார்கள். ஆனால் அதற்குள்ளேயே 50 ஹெர்ட்ஸில் 30.2, 80 ஹெர்ட்ஸில் 22.5 என்று கிட்டத்தட்ட எட்டு டெசிபெல் ஆட்டம் இருக்கிறது.

1/12, 1/24 இரண்டும் நிலையாக ஒலிக்கும் மூலத்துக்கு: பிங்க் நாய்ஸை நீண்ட நேரம் ஓடவிட்டு ஸ்பீக்கர் அமைப்பைச் சரிசெய்வது, அல்லது ஓரத்தில் ஒளிந்திருக்கும் தொனியைக் கண்டுபிடிப்பது. ஸ்பீக்கர் மென்பொருள்களில் காணும் "1/24 ஆக்டேவ் ஸ்மூத்திங்" என்பதை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஸ்வீப் (அதிர்வெண் தொடர்ந்து ஏறும் ஒலி) அளவீட்டில் கிடைத்த வளைவின்மேல் ஓடும் நகரும் சராசரி. பேண்ட்பாஸ் ஃபில்டர் எதுவும் அங்கே இல்லை, மேலே சொன்ன தாமதமும் சரிவும் அதற்குப் பொருந்தாது.

எதை எடுத்தாலும் அறிக்கையில் எண்களுக்குப் பக்கத்திலேயே பேண்ட் பிரிவு, ஃபில்டர் வகுப்பு, சராசரி நேரம் மூன்றையும் எழுதுங்கள். மீட்டர் ஃபில்டரா எஃப்எஃப்டி கூட்டலா என்பதையும் எழுதுங்கள். மாதிரி வீதமும் அடுத்தவருக்கு உதவும். எதிர்முழக்க நேரம் என்றால், 16 என்ற வரம்புக்குள் வராத பேண்டுகளை அட்டவணையிலேயே குறித்துவிடுங்கள், அல்லது தலைகீழ் ஃபில்டரிங் செய்ததாகச் சொல்லிவிடுங்கள்.